கண்ணிமையும் கைநொடியும்

அண்மையில் இருப்பவை எல்லாம் அறியப்பட்டவை ஆகா. நாள்தோறும் கண்ணிற் படும் பொருள்களே பல வேளைகளில் கருத்திற் படாமற் போகின்றன. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் மழைத்துளியை அறியாதார் யார்? கிண்ணத்துப் பாலை நக்கிக் குடிக்கும் பூனையைக் காணாதார் யார்? ஆயினும், அந்தத் துளி தரையைத் தொடும் கணத்தில் எவ்வடிவம் கொள்கிறது என்று வினவினால் விடை கூறுவார் அரியர். பூனையின் நாக்கு பாலை எவ்வாறு மேலே கொண்டு செல்கிறது என்று கேட்டாலும், நூறுமுறை கண்டவர்கூடத் தயங்குவர்.

இருள் மறைத்த பொருளை விளக்குக் காட்டும். தொலைவு மறைத்த பொருளைத் தொலைநோக்கி காட்டும். நுண்மை மறைத்த பொருளை நுண்ணோக்கி காட்டும். மழைத்துளியின் வடிவம் இம்மூன்றாலும் மறைக்கப்பட்டதன்று. அது பட்டப்பகலில், கண்ணெதிரே, காணத்தக்க அளவினதாகவே நிகழ்கிறது. அதனை மறைப்பது விரைவு. விரைவு மறைத்ததை வெளிப்படுத்துவதற்கு மனிதன் கண்ட கருவியே மெதுவியக்கப் படம். உலக வழக்கில் இதனை ‘ஸ்லோ மோஷன்’ என்பர்.

இப்படங்களுக்கு மக்களை ஈர்க்கும் ஆற்றல் பெரிது. நீர் நிறைந்த பலூன் ஒன்று ஊசி முனையால் உடைகிறது. கண்ணுக்கு அது வெறும் ஓசையும் ஈரமுமே. மெதுவியக்கப் படத்திலோ, இரப்பர்த் தோல் கிழிந்து சுருண்டு விலகுகிறது. உள்ளிருந்த நீர், உறை நீங்கிய பின்னும் தன் வடிவம் குலையாது ஒரு கணம் வானில் நிற்கிறது. அதன் பின்னரே விழுகிறது. இதனைச் சிறுவரும் காண்பர், முதியவரும் காண்பர், கண்டவர் மீண்டும் காண விழைவர். புதிய நாடு எதனையும் அப்படம் காட்டவில்லை. அரிய விலங்கு எதனையும் காட்டவில்லை. அறிந்த ஒன்றையே காட்டுகிறது. அறிந்தது என்று எண்ணியிருந்த பொருள் அறியாத பொருளாகி, மீண்டும் அறியப்படுவதில் ஓர் இன்பம் உண்டு. அந்த இன்பமே மக்களை அப்படங்களின்முன் இருத்துகிறது.

இக்கருவியின் அமைப்பில் ஒரு விந்தை உள்ளது. காட்சி மெதுவாக நடக்க வேண்டுமாயின், படமெடுக்கும் பொறி விரைவாக இயங்க வேண்டும். திரையரங்குகளில் ஓடும் படம் பொதுவாக நொடிக்கு 24 படங்கள் வீதம் காட்டப்பெறுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் அந்நிலைப்படங்களைக் கண் தொடர்ந்த அசைவாகக் கொள்கிறது. ஒரு நிகழ்ச்சியை நொடிக்கு 240 படங்களாக எடுத்து 24 வீதம் காட்டினால், ஒரு நொடியில் நடந்தது பத்து நொடிக்கு நீளும். 1000 படங்களாக எடுத்தால், ஒரு நொடி நாற்பது நொடிக்கும் மேலாக விரியும். மெதுவியக்கம் காட்டும் பொறியமைப்புக்கு ஆஸ்திரியநாட்டுப் பாதிரியார் ஆகஸ்ட் முஸ்கர் என்பவர் 1904ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். நெடுங்காலம் ஆய்வுக்கூடங்களிலும் படப்பிடிப்பு நிலையங்களிலுமே இருந்த இவ்வசதி, இன்று பல கைப்பேசிகளில் அமைந்துவிட்டது.

விரைவைப் பிடித்து நிறுத்தும் முயற்சி முஸ்கருக்கும் முற்பட்டது. ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே வேளையில் தரையைவிட்டு நீங்குகின்றனவா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு வினா. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் குதிரைப் பண்ணை உடையவருமான லேலண்டு ஸ்டான்ஃபோர்டு இதற்கு விடை காண விரும்பினார். எட்வர்டு மைபிரிட்ஜ் என்னும் ஒளிப்படக் கலைஞரை அப்பணியில் அமர்த்தினார். 1878ஆம் ஆண்டு சூன் திங்களில், பாலோ ஆல்ட்டோ என்னும் இடத்தில், ஓடுபாதையின் அருகே 12 ஒளிப்படக் கருவிகள் வரிசையாக நிறுத்தப்பட்டன. பாதையின் குறுக்கே நூல்கள் கட்டப்பட்டன. பாய்ந்து வந்த குதிரையின் கால்கள் நூலை அறுக்க, கருவிகள் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தன.

நான்கு குளம்புகளும் தரையை நீங்குவது உண்மையே என்று படங்கள் காட்டின. அதனினும் பெரிய செய்தி ஒன்றையும் அவை உரைத்தன. அதற்குமுன் ஓவியர் பலர், பாயும் குதிரையின் முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களை பின்னேயும் நீட்டி, அந்நிலையில் அது காற்றில் மிதப்பதாகத் தீட்டி வந்தனர். படத்திலோ, கால்கள் நீண்டு நின்ற வேளையில் குதிரை காற்றில் மிதக்கவில்லை. நான்கு கால்களும் வயிற்றின்கீழ் மடங்கிக் கூடிய வேளையிலேயே மிதந்தது. குதிரையோடு வாழ்ந்தும், குதிரையேறித் திரிந்தும், குதிரையை ஓவியமாகத் தீட்டியும் வந்த மக்கள் அதன் ஓட்டத்தைத் தவறாகவே கண்டிருந்தனர்.

குதிரையாவது விரைந்து ஓடும் விலங்கு. ஒரு துளி நீரைப் பற்றியும் மனிதக்கண் பிழைபட்டது என்பதற்கு இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஆர்தர் வொர்த்திங்டனின் வரலாறு சான்றாகும். நீர்த்துளியும் பாதரசத்துளியும் விழுந்து தெறிக்கும் அழகில் அவர் 1870களிலேயே ஈடுபட்டார். இருண்ட அறையில் துளியை விழச் செய்வார். குறித்த கணத்தில் மின்பொறி ஒன்று பளிச்சிடும். அவ்வொளியில் கண்ட வடிவத்தை, அது கண்ணில் நிற்கும்போதே வரைந்துகொள்வார். பொறி தோன்றும் காலத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளி வைத்து, தெறிப்பின் படிகள் அனைத்தையும் வரிசையாக வரைந்தார். அவர் கைவண்ணத்தில் ஒவ்வொரு தெறிப்பும் பூவிதழ்போல் எப்புறமும் ஒத்து, குறையின்றி விளங்கியது.

1894ஆம் ஆண்டில் அவர் அதே தெறிப்புகளை ஒளிப்படமாகப் பிடிக்கும் வகை கண்டார். படங்களைப் பார்த்தார், திகைத்தார். ஓர் இதழ் நீண்டும் மற்றோர் இதழ் குறுகியும், ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தன. குறையற்ற தெறிப்பு ஒன்றுகூட இல்லை என்னும்படி இருந்தது. தம் பழைய குறிப்புகளை அவர் மீண்டும் புரட்டினார். ஒழுங்கற்ற வடிவங்களைத் தாமே பலமுறை கண்டிருப்பதும், அவற்றை விலக்கெனக் கருதித் தள்ளிவிட்டு ஒழுங்கானவற்றையே நூலுக்குத் தேர்ந்திருப்பதும் அவருக்குப் புலனாயின. அவர் கண் பொய் கூறவில்லை. கண் கண்டதை மனம் திருத்திக்கொண்டது. அறிஞர் அதனை மறைத்தாரல்லர். தம் பழைய ஓவியங்களுக்கும் புதிய படங்களுக்கும் உள்ள வேறுபாட்டை உலகறியக் கூறினார். தெறிப்புகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருபது ஆண்டு உழைப்பின் அழகிய பயனைத் தம் கையாலேயே திருத்தி எழுதிய அந்நேர்மை, அவர் கண்ட உண்மையைவிடச் சிறந்தது எனலாம்.

பின்னர், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஹரால்டு எட்ஜர்ட்டன், மிகக் குறுகிய காலமே மின்னி மறையும் விளக்குகளை ஆக்கி இக்கலையை வளர்த்தார். 1930களிலிருந்தே அவர் பால்துளியைப் படம் பிடித்து வந்தார். 1957ஆம் ஆண்டில் அவர் எடுத்த வண்ணப்படம் உலகப் புகழ் பெற்றது. மெல்லிய பாற்பரப்பில் ஒரு துளி விழ, பால் வட்டமாக எழுந்து, நுனிதோறும் முத்துப்போன்ற சிறுதுளிகளைத் தாங்கி, மணிமுடிபோல் நிற்கிறது. சமையலறையிலே பால் ஊற்றும்போதெல்லாம் இத்தகைய முடிகள் தோன்றி மறைகின்றன. காண்பார் இன்மையால் அவை தோன்றாமல் இருந்ததில்லை.

பூனையின் செய்தியும் அத்தகையதே. நாக்கைக் கரண்டிபோல் குழித்து அது பாலை முகந்து குடிக்கிறது என்று பலர் கருதியிருந்தனர். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் நால்வர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அவருள் ஒருவர் காலையுணவு வேளையில் தம் வீட்டுப் பூனை நீர் அருந்துவதைக் கண்டு வியந்ததே அதற்குத் தொடக்கம். மெதுவியக்கப் படத்தில், பூனையின் நாவுநுனி பின்னோக்கி வளைந்து நீர்ப்பரப்பை மெல்லத் தொடுகிறது; உள்ளே மூழ்குவதில்லை. தொட்ட நாவை அது விரைந்து மேலிழுக்கிறது. நாவைப் பற்றிய நீர் ஒரு தூண்போல் உடன் எழுகிறது. எழுந்த நீர் மேலே செல்ல முயல, புவியின் ஈர்ப்பு அதனைக் கீழே இழுக்கிறது. ஈர்ப்பு வெல்லும் முன்னரே பூனை வாயை மூடி, தூணின் தலையைக் கவர்ந்துகொள்கிறது. நொடிக்கு ஏறத்தாழ நான்குமுறை இது நடைபெறுகிறது. நாக்குப் பெரிதாகிய சிங்கமும் புலியும் இதனினும் மெதுவாக நக்குகின்றன. எந்த அளவில் நக்கினால் மிகுதியான நீர் கிட்டுமோ, அந்த அளவை ஒட்டியே அவை நக்குகின்றன என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். கணிதம் கல்லாத பூனை, கணிதம் கற்றோர் கண்டு வியக்கும் செயலை நாள்தோறும் செய்கிறது!

கோடையில் முதல் மழை பெய்யும்போது மண்ணிலிருந்து எழும் மணத்தை விரும்பாதார் இலர். அம்மணம் எவ்வாறு காற்றில் ஏறுகிறது என்பதனையும் 2015ஆம் ஆண்டில் மெதுவியக்கப் படங்கள் விளக்கின. நுண்துளைகள் உடைய மண்ணின்மேல் துளி விழுந்து பரவுகையில், துளைகளில் உள்ள காற்றை அது சிறைப்படுத்துகிறது. அக்காற்று சிறு குமிழிகளாகித் துளியின் ஊடே ஏறி, மேற்பரப்பை அடைந்து வெடிக்கிறது. வெடிக்கும் குமிழி, மண்ணின் பொருள்களைச் சுமந்த நுண்ணிய நீர்த்திவலைகளைக் காற்றில் வீசுகிறது. பெருமழையினும் சிறுமழையிலும் நடுத்தர மழையிலுமே திவலைகள் மிகுதியாக எழுகின்றன என்றும் அவ்வாய்வு கண்டது. தூறலின்போது மண் மணப்பதேன் என்னும் வினாவுக்கு இங்கே ஒரு விடை இருக்கிறது.

இவ்வளவும் காட்டும் கருவி எல்லாவற்றையும் காட்டும் என்று ஒருவர் எண்ணுதல் இயல்பு. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். இன்று மெதுவியக்கப் படங்கள் துளியையும் பூனையையும் காட்டுவதோடு நிற்கவில்லை. விளையாட்டரங்கில் நடுவர் தீர்ப்புக்கு அவை துணையாகின்றன. குற்ற வழக்குகளில் நீதிமன்றத்திலும் அவை காட்டப்படுகின்றன. ஒரு மனிதன் தெரிந்தே தீங்கு செய்தானா, அன்றிப் பதற்றத்திலும் தற்செயலாகவும் அது நேர்ந்ததா என்று உறுதி செய்வதற்கு அவை சான்றாக வைக்கப்படுகின்றன. ஒருவன் வாழ்வும் சாவும் அவ்விடையைச் சார்ந்திருத்தலும் உண்டு.

இது பற்றி 2016ஆம் ஆண்டில் ஆய்வாளர் மூவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கொள்ளை முயற்சி ஒன்றின்போது துப்பாக்கி சுடப்பட்ட காட்சியை, ஒரு சாராருக்கு இயல்பான விரைவிலும் மற்றொரு சாராருக்கு மெதுவாகவும் காட்டினர். படம் ஒன்றே, செயல் ஒன்றே, மனிதனும் ஒருவனே. ஆயினும், மெதுவாகக் கண்டவர்கள், ‘இவன் எண்ணித் துணிந்தே சுட்டான்’ என்று மிகுதியாகக் கருதினர். காரணம் யாது? திரையில் காலம் நீண்டது. நீண்ட காலம் அவனுக்கும் இருந்ததாக அவர்கள் மனம் கொண்டது. எண்ணுவதற்கு நேரம் பெற்றவன் எண்ணியே செய்திருப்பான் என்று அது முடிவு கட்டியது. உண்மையில் கழிந்த நேரத்தைத் திரையில் எண்ணால் காட்டியபோதும் இம்மயக்கம் குறைந்ததேயன்றி முற்றும் நீங்கவில்லை.

வொர்த்திங்டனின் மனம் தெறிப்புக்கு இல்லாத ஒழுங்கைக் கொடுத்தது. காட்சியை மெதுவாகக் கண்டவர் மனமோ குற்றவாளிக்கு இல்லாத ஓய்வைக் கொடுத்தது. அங்கே விரைவால் நேர்ந்த மயக்கத்தைப் படம் நீக்கியது. இங்கே அந்தப் படமே புதிய மயக்கத்தை உண்டாக்கியது. எனவே, ஒரு செயல் எவ்வாறு நடந்தது என்று காட்டுவது வேறு. அது ஏன் நடந்தது என்று காட்டுவது வேறு. முன்னதில் மெதுவியக்கப் படம் சிறந்த ஆசான். பின்னதில் அது தகுந்த சான்றன்று.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து நொடிக்கும் கைநொடியே அது. எழுத்தொலியின் கால அளவாகிய மாத்திரைக்குத் தொல்காப்பியம் கண்ணிமையையும் கைநொடியையுமே அளவாகக் கூறுகிறது. நிமிடத்தின் அறுபதில் ஒரு கூற்றைத் தமிழர் இன்று ‘நொடி’ என்று வழங்கும்போதும் அந்த விரலோசையின் பெயரே வழங்குகிறது. உரைமரபில் வழங்கிவரும் பழைய விளக்கம் இன்னும் நுட்பமானது. நொடித்தல் என்னும் ஒரு செயலை அது நான்கு கூறாகப் பகுத்தது. நொடிக்க நினைக்கும்போது கால் மாத்திரை, விரல்மேல் விரல் ஊன்றும்போது அரை, முறுக்கும்போது முக்கால், விடுக்கும்போது ஒன்று. படப்பொறி தோன்றாத காலத்தில், ஒரு விரலசைவை மனத்திலே நிறுத்தி மெதுவாகப் பார்த்த பார்வை அன்றோ இது!

2021ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இதே கைநொடியை விரைவுப் படப்பொறியால் ஆராய்ந்தனர். விரல்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது விசை சேர்கிறது. தோலின் உராய்வு அதனைத் தாழ்ப்பாள்போல் தடுத்து வைக்கிறது. தாழ் விலகியதும் நடுவிரல் பாய்ந்து உள்ளங்கையில் மோதுகிறது. அந்தப் பாய்ச்சல் ஒரு நொடியை ஆயிரங்கூறு செய்தால் ஏழு கூறு அளவில் முடிந்துவிடுகிறது. கண்ணிமைப்பதற்கு ஆகும் காலம் இதனினும் இருபது மடங்குக்கு மேற்பட்டது. விரலுக்கு உலோக உறை இட்டபோது உராய்வு குறைந்து நொடிப்பும் தளர்ந்தது. இலக்கணம் காலத்தை அளக்க முற்பட்டது. அறிவியல் விசையை அளக்க முற்பட்டது. ஆதலால், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றைக் குறையாகக் கூறுதல் பொருந்தாது. ஊன்றல், முறுக்கல், விடுத்தல் என்னும் மூன்றும் படத்திலும் அவ்வாறே தெரிகின்றன.

ஆனால் நான்கில் ஒன்று படத்தில் இல்லை. நினைத்தல் என்னும் முதற்கூறு எங்கே? நொடிக்கு ஆயிரம் படம் எடுத்தாலும், பதினாயிரம் எடுத்தாலும் அது தெரிவதில்லை. விரல் அசைவதற்கு முன்னே உள்ளத்தில் நிகழ்வது அது. அதனைக் கண் காணாது. கண்ணாடி வில்லையும் காணாது. நொடித்தவனைக் கேட்டும், அவன் நிலையை ஆராய்ந்தும், பிறர் கூற்றோடு ஒப்பிட்டும் அறியத்தக்கது அது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வினவுவதும், சாட்சிகள் உரைப்பதும், நடுவர் பொறுமையோடு கேட்பதும் அந்த ஒரு கூற்றைத் தேடியே ஆகும்.

ஆகவே, மெதுவியக்கப் படங்களைக் கண்டு மகிழ்வோர் இரண்டு பயன்களைப் பெறுதல் கூடும். ஒன்று, எளிய பொருள்களிடத்து மதிப்பு. கூரைநீரும் வீட்டுப்பூனையும் மண்மணமும் ஆராயத்தக்கன என்னும் எண்ணம் தோன்றிவிட்டால், கற்பதற்குரிய பொருள் இல்லை என்று ஒருவரும் கூறார். மற்றொன்று, தன் பார்வையிடத்து ஐயம். குதிரையை நெடுங்காலம் தவறாகக் கண்ட கண்ணே மனிதனுக்கு இன்றும் வாய்த்துள்ளது. துளியைத் திருத்திக்கொண்ட மனமே இன்றும் அவனுள் இருக்கிறது. அவன் அண்டை வீட்டாரைப் பற்றியும் உடன் பயில்வோரைப் பற்றியும் ஒரு நொடியில் கொள்ளும் முடிவுகள் அக்கண்ணிலும் அம்மனத்திலும் பிறந்தவையே.

துளி விழும் காட்சியைத் திரையில் நீட்டிப் பார்க்கப் பொறி உதவும். ஒருவன் செய்கையின் கருத்தை அறிவதற்கோ, பார்ப்பவனே தன் தீர்ப்பை மெதுவாக்கிக்கொள்ள வேண்டும். அவன் ஏன் அவ்வாறு செய்தான் என்று அவனையே ஒரு சொல் கேட்டுவிட்டு, அவன் கூறுவதை முழுதும் கேட்டபின் முடிவு செய்தல் வேண்டும்.